மூன்றாம் ஓலையும் என் மேல்செட்டும்

பினாங்கு, தாத்தோ கிராமாட் ரோடு,
1932-ம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி, புதன்கிழமை.

தைப்பிங் ரயில்வே ஆபீசில் கிளார்க்காகச் சீரும் சிறப்புமாக இருந்துவரும் என் அன்புள்ள மச்சான் ரேமண்ட் அவர்களுக்கு, உம்முடைய அக்காள் புருஷன் அந்தோணிராஜ் எழுதிக்கொள்வது. சர்வேசுரனுடைய கிருபையாலும் தேவமாதாவின் மன்றாட்டாலும் இவ்விடம் நானும், உம் அக்காள் லீனாவும், மகள் ரோசலினும், என் பல்செட்டும் சுகம். கடைசியாகச் சொன்னதை மட்டும் நீர் நம்ப வேண்டாம். அவ்விடம் உம்முடைய சுகத்துக்கும், உம் சம்சாரத்தின் முழங்கால் வலிக்கும், நீர் வளர்க்கிற கோழிகளுக்கும் பதில் எழுதவும்.

நிற்க. நீர் வருகிற சனிக்கிழமை ரயிலேறிப் பிறை வந்து, அங்கிருந்து ஃபெர்ரி பிடித்து, எப்படியாவது இங்கே வந்து சேர வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நம் ரோசலினுடைய கல்யாணத்துக்கு மூன்றாம் ஓலை வாசிக்கப்பட வேண்டும். அதை எனக்குப் பதிலாக நீர்தான் வாசிக்க வேண்டும். ஏன் என்று கேட்காமல் வரக்கூடிய மனிதராக இருந்தால் இத்துடன் கடிதத்தை முடித்துவிடுவேன். நீர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதால் மேலே எழுதுகிறேன். இதை உம் சம்சாரத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இந்த ஊர்க் கோவிலில் இருபத்தாறு வருஷமாக, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறும் ஊரறிய ஓலை வாசிக்கிறவன் நான் என்பது உமக்குத் தெரியும். எப்படி அந்த வேலை எனக்கு வந்தது என்பது தெரியாது. நம் சாமியார் பிரான்சு தேசத்திலிருந்து புதிதாக வந்த காலத்தில் அவரே வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணமகனை மணமகள் என்றும் மணமகளை மணமகன் என்றும் மாற்றி வாசிக்க, பெண்கள் பக்கத்தில் முக்காடுகளெல்லாம் குலுங்கிப் போயின. பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீர் வாசியும், எனக்குத் தமிழும் சொல்லிக்கொடும் என்றார். அன்றிலிருந்து இன்றுவரை இந்தப் பங்கில் நடந்த எந்தக் கல்யாணமும் என் வாயைத் தாண்டாமல் நடக்கவில்லை. உம்முடைய ஓலையை வாசித்ததும் நான்தான். அப்போது நீர் பயந்து கோவிலுக்கு வெளியே நின்றதும் ஞாபகம் இருக்கிறது. ரோசலின் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் குரலிலேயே அதுகளுக்கு ஓலை வாசிப்பாள். வாசித்துவிட்டு, "என் கல்யாணத்துக்கும் நீங்கதானே வாசிப்பீங்க, அப்பா?" என்பாள். வேறு யார் வாசிப்பது என்பேன். இதை எழுதும்போதே எனக்கு மனசு சரியில்லை, மச்சான்.

இனிப் பல்லுக்கு வருகிறேன். இதில் உமக்கும் பங்கு உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு நீர் வந்தபோது என் மேல்வாயில் இரண்டே பல் மிச்சம். ஒன்று இடது மூலையில், ஒன்று வலது மூலையில், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நின்றன. நீர்தான், "அத்தான், காம்பல் ரோட்டுல ஒரு சீனத் தவுக்கே பல்லுக் கட்டுறாரு, போய்ப் பாருங்களேன்" என்றீர். போனேன். கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆளில்லாமல் பல் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். கடை முதலாளியான தவுக்கே என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பங்காளிகள் இருவரையும் பிடுங்கிப் போட்டார். புண் ஆறின பிறகு மறுபடி வரச்சொல்லி, வாய் நிறைய மெழுகை வைத்து அமுக்கி, பேசாதே என்றார். இருபத்தாறு வருஷம் ஓலை வாசித்தவனைப் பார்த்து ஒரு மனிதர் பேசாதே என்றது அதுவே முதல் தடவை. லீனா சொல்வது கணக்கில் சேராது. பிறகு ஒரு நாள் செட்டு வந்தது. செம்பழுப்பு நிறத்தில் ஒரு ரப்பர் தட்டு, அதில் வரிசையாகப் பதினான்கு பல். ரப்பர் விலை விழுந்து தோட்டமெல்லாம் ஆளைக் குறைக்கிற இந்த வருஷத்தில், என்னால் ஆன உதவியாக நான் ரப்பரை வாயிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டேன். தவுக்கே கண்ணாடியைக் காட்டி, "கிகி பாரு, துவான்! பாகூஸ்லா!" என்றார். புதுப் பல்லாம், துரைக்கு அழகாம். மலாய்க்காரர்கள் பல்லுக்குக் கிகி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் முதல் பத்து நாள் அந்தச் சத்தம்தான் வந்தது.

சாப்பிட்ட பிறகு கழுவ வேண்டும், வாயில் இல்லாத நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும், முரட்டுத்தனமாகத் தேய்க்கக் கூடாது என்று தவுக்கே மூன்று சொன்னார். நான் மூன்றாவதைக் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக உமிக்கரியில் பல் தேய்த்தவன், பல் கழன்று கைக்கு வந்தபிறகு இன்னும் நன்றாகத் தேய்க்கலாமே என்று நினைத்து, உப்பும் உமிக்கரியும் போட்டு ஒரு வாரம் தேய்த்தேன். முன்பல் இரண்டிலும் கீறல் விழுந்து, உள்ளே கரி புகுந்து, பூனை மீசை மாதிரி கோடு கோடாக நிற்கிறது. "அது என்ன பித்தளைச் செம்பா, இந்தத் தேய் தேய்க்கிறீங்க?" என்று லீனா கேட்டாள். அவளுக்கு அந்தத் தண்ணீர்க் கிளாசைக் கண்டாலே ஆகாது. "கல்யாணம் ஆகி முப்பது வருஷம் கழிச்சு, புருஷன் ஒரு எடத்துல தூங்குறாரு, அவரு சிரிப்பு இன்னொரு எடத்துல தூங்குது" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள். நானோ பல் விஷயத்தை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. யாராவது உற்றுப் பார்த்தால், பல்லைச் சுத்தம் செய்தேன் என்பேன். பொய் இல்லை, செய்கிறேனே.

அந்த மட்டில் நிறுத்தியிருந்தால் இவ்வளவு வந்திராது. மே மாதம் வெற்றிலை பாக்கு மாற்றுவதற்காக மாப்பிள்ளை வீட்டுக்கு, சுங்கை பினாங் போனோம். மாப்பிள்ளை ஆர்தரை நீர் பார்த்ததில்லை; அவர்கள் இந்தப் பங்குக்கு வந்ததே ஈஸ்டருக்குப் பிறகுதான், என் பொக்கை வாயை அவர்களும் பார்த்ததில்லை. வெல்டு கீயில் ஒரு மரக் கம்பெனியில் கிளார்க். தகப்பன் இல்லை, தாயார் அன்னமேரியம்மாள் தையல் தைத்தே பையனைப் படிக்கவைத்து ஆளாக்கினவர். ஆர்தர் தங்கமான பிள்ளை, குடி கிடையாது, சீட்டுக் கிடையாது. ஒன்றே ஒன்று, அவனுடைய தாடை. முகம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்துக்குப் பிறகும் அவனுக்குக் கொஞ்சம் முகம் இருக்கிறது. தாயாருக்கும் அதே தாடைதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி அழவைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் அந்த அம்மாளுக்கு இன்றைக்கும் பொறுக்காது. ரோசலினுக்கோ அவனைப் பிடித்துப்போயிற்று. அவள் தாடையைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துத்தான் பிடித்ததோ, நான் கேட்கவில்லை.

தாம்பூலம் மாற்றினபின் அன்னமேரியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த வயசுல உங்க பல்லு என்ன அழகா இருக்கு, சம்பந்தி! எங்க வீட்டுல நாப்பது வயசானா எல்லாம் கொட்டிப் போயிடும்லா" என்றார். ஆமாம் அம்மா என்று சிரித்துவிட்டு இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே, அது பல் போனாலும் சொன்ன பேச்சுக் கேட்காது. "எங்க பரம்பரையே அப்படித்தாம்மா. எங்க அப்பாரு எழுபது வயசுல கரும்பு கடிச்சாரு. ரோசலினுக்கும் ஒண்ணும் விழாது, பொறக்கப் போற பேரப்பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் வரும்" என்று விட்டேன். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. எனக்குப் பக்கத்தில் லீனா கூரையைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே அவர் உள்ளே போய், கையால் கிண்டின தோடோல் கொண்டுவந்தார். மலாய்க்காரர் அல்வா அது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டுவார்கள், நீரும் தின்றிருக்கிறீர், வாயில் போட்டால் லேசில் விடாது. நான் ஒரு கடி கடித்தேன். தோடோல் மேல்செட்டைப் பிடித்துக்கொண்டது. கையை இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும் போலிருந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டு குனிந்துவிட்டேன். தோள் குலுங்கக் குலுங்க உள்ளே நான் தோடோலோடு போராடிக்கொண்டிருக்க, அன்னமேரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணக் குடுக்கிறதுன்னா லேசா? அழட்டும், விடுங்க" என்றார். அன்று அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை என் ஆயுசில் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது ஓலைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவன் நடுச்சாமத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படாமல் உபவாசம் காக்க வேண்டும் என்பது உமக்குத் தெரிந்ததுதான். என் பல்லோ தண்ணீரில் கிடக்கிற பல். காலையில் எடுத்துப் போட்டால் அதிலே ஒட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர் தொண்டைக்குள் போகுமே, உபவாசம் முறியுமே என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாமியாரிடம் கேட்கலாம், கேட்டால் பல் விஷயம் வெளியாகும். ஆகையால் நானே ஒரு தீர்மானம் செய்து, சனிக்கிழமை சாப்பாடு ஆனதும் செட்டைத் துண்டால் துடைத்து, உலர்ந்த கைக்குட்டையில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிடுவேன். ஞாயிறு காலையில் அப்படியே உலர்ந்த வாயில் உலர்ந்த பல்லை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போவேன். நாலு மாதமாக இப்படித்தான். வாரமெல்லாம் சாதுவாக இருக்கிற பல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வாய்க்குள் உலாவுகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை. அதுவரை அடுத்தவர் வீட்டு ஓலைகள். மெதுவாக, பல்லை நாக்கால் தாங்கித் தாங்கிச் சமாளித்துவிட்டேன்.

இம்மாதம் மூன்றாம் தேதி ரோசலினுடைய முதல் ஓலை. கோவில் நிறைந்த கூட்டம். ஆர்தர் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சியில், புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு. பெயரெல்லாம் வாசித்தேன். இன்னாருடைய மகள் என்று என் பெயரையும் நானே வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தேன். "இந்த விவாகத்துக்கு ஏதேனும் தடை உண்டென்று அறிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கவும்" என்பதுதானே வாசகம்? அந்தத் 'த'வில் மேல்செட்டு சரிந்தது. நாக்கால் அதை மேலே தூக்குவதற்குள் எழுத்து நீண்டுவிட்டது. "இந்த விவாகத்துக்கு ஏதேனும் தாடை உண்டென்று அறிந்தவர்கள்" என்று கணீரென்று வாசித்துவிட்டேன்.  முதலில் பாட்டுக்காரர்கள் பக்கம் ஒருவன் களுக்கென்றான். அவ்வளவுதான், ஆண் பெண் அத்தனை தலையும் ஒரே வீச்சில் மூன்றாவது பெஞ்சிக்குத் திரும்பின.

மச்சான், வேண்டுமென்று ஒருவன் யோசித்து யோசித்து எழுதினாலும் அப்படி ஒரு வார்த்தை அமையாது.

அன்றைக்குப் பூசை முடிந்ததும் அன்னமேரியம்மாள் என் பக்கம் திரும்பாமலே ஆர்தரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அதுவே பயமாக இருந்தது. அடுத்த வாரம் அந்த வார்த்தைக்கே போவதில்லை என்று நானும் லீனாவும் உட்கார்ந்து ஆலோசித்து, 'தடை'யை எடுத்துவிட்டு 'இடையூறு' என்று போட்டோம். ஆறு நாளும் கோழிக்கூண்டுக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினேன். ஈரப் பல்லோடு பழகினேன் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. போன ஞாயிறு, பத்தாம் தேதி, இரண்டாம் ஓலை. 'இடை' வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. 'யூ'வுக்கு உதட்டைக் குவித்தேன். உதடு போன வழியே உலர்ந்த மேல்செட்டும் புறப்பட்டது. வெளியே வந்து சாமியார் காலடியில் விழுந்துவிடப் போகிறதே என்று வலது கையால் என் தாடையை அடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே மிச்சத்தை வாசித்து முடித்தேன். என் போதாத காலம், அந்த நேரம் என் கண் ஆர்தர் மேல் இருந்தது. நான் அவனைப் பார்த்துக்கொண்டே என் தாடையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன் என்று கோவிலில் இருந்த இருநூறு பேரும் சத்தியம் பண்ணுவார்கள். அன்னமேரியம்மாள் குடையை எடுத்துக்கொண்டு பிரசங்கத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். வந்தவர் ஒப்பித்தது இது: "மொத வாரம் வாயால சொன்னீங்க. ரெண்டாவது வாரம் கையால காட்டினீங்க. மூணாவது வாரம் படம் எழுதி ஒட்டுவீங்களா? எம்மவன் பேர அந்த மனுசன் வாய் இனிமே சொல்லக் கூடாது. வேற யாராச்சும் வாசிச்சா வாசிக்கட்டும். இல்லாட்டி ஓலையும் வேணாம், கல்யாணமும் வேணாம்." அன்று சாயங்காலமே நான் சுங்கை பினாங் போனேன். உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்று, எனக்குத் தொண்டையில் சளி என்றேன். "தொண்டைல சளின்னா தாடையவா பிடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். நியாயமான கேள்வி. பல்செட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்துபோகும், தெரியாமல் இல்லை. ஆனால் எப்படிச் சொல்வேன்? பேரப்பிள்ளை வரைக்கும் பரம்பரைப் பல் என்று சொல்லிப் பெண் கொடுக்க வந்தவன் அல்லவா நான்? தாடையைக் கேலி செய்தவன் என்கிற பெயர் போய், பல்லில் ஏமாற்றிச் சம்பந்தம் செய்தவன் என்கிற பெயர் வரும். வீட்டுக்கு வந்தால் ரோசலின் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை மூன்று இடம் போனேன். முதலில் பல்லுத் தவுக்கே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழல்கிறது என்றதும், அன்றைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டார். உபவாசத்தை எனக்குத் தெரிந்த பசார் மலாயில் விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. உன் சாமி பல்லுக்குக்கூடத் தண்ணீர் கொடுக்காதா என்று அவர் கேட்டார். பிறகு செட்டைக் கையில் எடுத்து, "இனி மாச்சாம் ஈக்கான், துவான். கெரிங், மாத்தி" என்றார். இது மீன் மாதிரி, காய்ந்தால் செத்துப்போகும் என்கிறார். போதாததற்கு, பல் பிடுங்கின ஈறு நாளாக நாளாகச் சுருங்குமாம், இந்தச் செட்டு வருகிற வருஷம் தொளதொளவென்று ஆகுமாம், வேறு புதுசு கட்ட வேண்டுமாம். எனக்குப் பென்ஷன் வந்த மறுவருஷம் என் ஈறும் வேலையை விட்டுவிட்டது.

அங்கிருந்து நம் நாகூர் மீரான் சோற்றுக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்ததுமே, "பல்லு தொந்தரவாண்ணே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பல் என்றேன். "அட, சும்மா இருங்கண்ணே. போன வருசம் எலும்பு கேக்கிறத விட்டுட்டு வெண்டிக்காயும் தால்ச்சாவும் கேட்டீங்க; பல்லு போயிருச்சுன்னு தெரிஞ்சுது. இந்த மார்ச்சு மாசம் திரும்பக் கோழிக்காலு கேட்டீங்க; புதுப் பல்லு வந்துருச்சுன்னும் தெரிஞ்சுது. மார்க்கெட் ஸ்திரீட்டு பூராத் தெரியும்லா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். நாலு மாதமாக நான் கைக்குட்டையும் கையுமாக அலைந்ததெல்லாம் வீண்.

கடைசியாகச் சாமியார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அந்தோணிராஜ், அது நீர் குடித்த தண்ணீர் அல்ல. பல் குளித்த தண்ணீர். உபவாசம் முறியாது" என்றார். நான் சொல்லிக்கொடுத்த தமிழ், இப்போது என்னைவிட அவருக்குச் சுத்தமாக வருகிறது. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த அம்மாளிடம் போய் உண்மையைச் சொல்லும்" என்றார். நனைத்துப் போட்டால் பல் நிற்கும், அது எனக்கு இப்போது தெரிகிறது. மூன்றாம் ஓலையை நான் முத்து முத்தாக வாசிப்பேன். ஆனால் அன்னமேரியம்மாள் என் வாயைத் திறக்க விட வேண்டுமே! திறக்க விட வேண்டுமானால் நான் பொய் சொன்னேன் என்று அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு முதுகெலும்பு இல்லை, மச்சான். அதற்கும் ஒரு செட்டுக் கட்டித் தருகிற கடை இருந்தால் எழுதும்.

ஆகையால் யோசித்து முடிவு செய்துவிட்டேன். இருபத்தாறு வருஷமும் போகட்டும், என் ஆசையும் போகட்டும், ரோசலினுடைய கல்யாணம் நடந்தால் போதும். நீர் வந்து வாசியும். நான் மலேரியா என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொள்கிறேன். அன்னமேரியம்மாள் ஏதாவது கேட்டால், அத்தானுக்குக் காய்ச்சல், தொண்டையும் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லும். பல் என்ற வார்த்தை உம் வாயில் வரக் கூடாது. 'தடை' வருகிற இடத்தில் நிதானித்து, குறிலாக வாசியும். உமக்கு உம்முடைய சொந்தப் பல் இருக்கிறது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், எனக்கும் இருந்தது.

உம் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் எல்லோருக்கும் தேவமாதா நீண்ட ஆயுசும், நோயற்ற உடம்பும், கடைசிவரை கரும்பு கடிக்கிற வாயும் தந்தருள மன்றாடுகிறேன். லீனா தன் தம்பிக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். வரும்போது தைப்பிங் வாத்து முட்டை கொண்டுவரவும் சொன்னாள்.

இப்படிக்கு,
உம் அன்புள்ள அத்தான்,
அ. அந்தோணிராஜ்.

பின்குறிப்பு. வியாழக்கிழமை சாயங்காலம். நீர் ஓலை வாசிக்க வர வேண்டாம். மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். இந்தக் கடிதம் உமக்கு ஒரு நாள் பிந்தி வந்து சேரும். காரணம், இது தைப்பிங் வருமுன்னே சுங்கை பினாங் போய்விட்டு வந்தது. உறைமேல் இங்கிலீஷில் விலாசம் எழுதச் சொல்லி, ஒட்டாமல் ரோசலினிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ரிக்‌ஷா பிடித்து நேரே அன்னமேரியம்மாள் வீட்டுக்குப் போய், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், முகம் முடிந்த இடத்துக்குப் பிறகும் முகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேனே, அதையும் விடாமல் உரக்க வாசித்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த வாசிப்பு, பிசகு இருந்திராது. அன்னமேரியம்மாள் முதலில் அழுதாராம், தோடோல் வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "பல்லு பரம்பரைன்னு சொன்னது பொய். எங்க தாடை பரம்பரை, அது நெசம். அந்த மட்டும் நாங்க ஒசத்தி. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு, பல்ல நனைச்சுப் போட்டுக்கிட்டு, அவரே வாசிக்கணும்னு சொல்லு" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

ரோசலின் வந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆர்தர் வேலை முடிந்து நேராகச் சைக்கிளில் வந்து இறங்கினான். நான் எழுந்து நின்று, தம்பி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த வார்த்தை பிசகினாலும் பிசகும், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். அவன் சிரித்துவிட்டு, "மாமா, தடை இருக்கான்னு நீங்க கேட்டா, எவனாச்சும் எந்திரிச்சிருவானோன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு. தாடை இருக்கான்னே கேளுங்க. இருக்குன்னு ஊருக்கே தெரியும், ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். ரோசலின எனக்குக் குடுத்துருவாங்க" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மச்சான், அழுகைதான் வந்தது. இந்தத் தடவை தோடோலைக் குற்றம் சொல்ல முடியாது.